ஃபிரிட்ஜுக்குப் பின்னால்

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம்.

இசக்கிதுரை கையில் பிரஷோடு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாதாரணத் துடைப்பம் போதும். அதுவும் தினமும் போடுகிறார்கள் போலிருக்கிறது, தரை பளிச்சென்று இருந்தது.

"இதுக்கா சார் இத்தனை தடவை மாத்தச் சொன்னிய?"

சமையலறை வாசலில் நின்றிருந்த கிட்டு ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

இசக்கிதுரைக்குத் தாராவியில் சின்னப் பட்டறை. ஜன்னல் சட்டத்தின் இடுக்கு, குழாயின் அடி, மிக்ஸியின் கழுத்து என்று விரல் நுழையாத இடங்களைத் தேய்க்க அவனே பிரஷ் செய்து மாட்டுங்கா மார்க்கெட்டில் விற்பான். ரிட்டயரான பாங்க் ஆபீசர் கிட்டு அங்கேதான் அவனிடம் வந்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு இடுக்கு, கை எட்டவில்லை, கண்ணுக்கும் தெரியாது, உத்தேசமாகத்தான் தேய்க்க வேண்டும் என்றார்.

முதலில் செய்தது நேராக இருக்கிறது என்றார். வளைத்துக் கொடுத்தான். நார் குத்தும் என்றார். நாரை எடுத்துவிட்டு ஸ்பாஞ்ச் வைத்தான். அதுவும் முரடு என்றார்.

"ஃபிரிட்ஜுக்கு என்ன சார், வலிக்கவா போவுது?" என்று இசக்கிதுரை கேட்டபோது பக்கத்துப் பூக்காரர்கூடச் சிரித்தார். கிட்டுவும் சிரித்தார். ஆனாலும் கைக்குழந்தைகளுக்கு வாங்குகிற மெத்தென்ற ஸ்பாஞ்சைத்தான் வைக்கச் சொன்னார்.

கடைசியாகச் செய்தது இசக்கிதுரைக்கே பிடித்துப்போயிற்று. ஈரக் கையிலும் வழுக்காத தடித்த பிடி. அதிலிருந்து கொக்கிபோல் திரும்பும் தண்டு. நுனியில் வெள்ளை ஸ்பாஞ்ச். இப்படி ஒன்று பம்பாயில் யாரிடமும் இல்லை என்று தோன்றியது. அது வேலை செய்வதை வீடியோ எடுத்து வாட்ஸப்பில் போட்டால் நன்றாக ஓடும்.

மார்க்கெட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கிட்டு சொல்லியிருந்தார். இவன்தான் கேட்காமல், பூக்காரரிடம் விலாசம் விசாரித்து வீட்டுக்கே வந்துவிட்டான்.

கிட்டுவின் மருமகள் வந்தனாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"என்னப்பா, ஆத்துல அழுக்கா இருக்குன்னா மார்க்கெட்ல போய்ச் சொன்னேள்?"

"இல்லம்மா. சும்மா கேட்டு வெச்சேன்."

இசக்கிதுரைக்குச் சங்கடமாக இருந்தது. நிலைமையைச் சரிசெய்ய நினைத்தான்.

"மேடம், உங்க வீடு கண்ணாடி கணக்கால்லா இருக்கு. எந்த வீட்டுலயும் அடுப்புக்குப் பின்னாடி மட்டும் கொஞ்சம் இருக்கும். வீடியோ எடுங்க, காட்டுதேன்."

அவன் மேடைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

கிட்டு ஓரடி முன்னால் வந்தார். "வேண்டாம் இசக்கி. அது புதுசு."

"புதுசைத்தானே சார் காட்டணும்."

அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் பிரஷை விட்டு, திருப்பி, இழுத்தான். பழைய எண்ணெய்ப் பிசுக்கு வந்தது. கருகிய கடுகு வந்தது. கரப்பான் முட்டைகூட வந்தது. வந்தனா செல்போனைப் பிடித்தபடியே சிரித்துவிட்டாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றாள். இசக்கிதுரை உற்சாகமாக சிங்க்கின் அடியிலும் விட்டு எடுத்தான். வெள்ளை ஸ்பாஞ்ச் கரியாகிவிட்டது.

வந்தனா அதை வாங்கித் தண்ணீரில் காட்டி, சிங்க்குக்கு மேலே ஆணியில் மாட்டினாள்.

"அப்பா, நன்னாத்தான் பண்ணியிருக்கார். இது இனிமே எனக்கு."

கிட்டு அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியனுப்பப் படிக்கட்டு வரை வந்தவர், கதவைப் பின்னால் ஒருக்களித்துச் சாத்தினார்.

"அந்த ஸ்பாஞ்சை மாத்தித் தர முடியுமா?"

"எதுக்கு சார்? சோப்புப் போட்டு அலசுனா போயிரும்."

கிட்டு படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்துப் பேசினார்.

"என் பையன் ஆதர்ஷ் ஞாயித்துக்கிழமை பூனா போறான். ஆறு மாசம் அங்கதான் வேலை. இத்தனை நாளா காலம்பற பாத்ரூம்ல அவன்தான் எனக்கு அலம்பி விட்டுண்டிருந்தான்."

ஒருக்களித்திருந்த கதவை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சாத்தினார்.

"அப்புறம் ஆத்துல வந்தனாவும் நானும்தான்."

அவருடைய இடது கை மணிக்கட்டில் மடங்கி வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. பின்னால் போகிற கை இல்லை அது. இத்தனை தடவை பார்த்துப் பேசியும் இசக்கிதுரை இன்றைக்குத்தான் அதைக் கவனித்தான்.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆணியில் தொங்கும் அந்தக் கரி ஸ்பாஞ்ச் நினைவுக்கு வந்தது.

உள்ளேயிருந்து வந்தனாவின் குரல் கேட்டது.

"அப்பா, அவர் போயிட்டாரா? இன்னொண்ணு கொண்டுவரச் சொல்லுங்கோ. செம்பூர்ல எங்கம்மாவுக்குக் கொடுக்கணும்."

கிட்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"கொண்டாரேன் மேடம்," என்று இசக்கிதுரை உரக்கச் சொன்னான். பிறகு ஒரு படி கீழே இறங்கி, அவர் முகத்தைப் பார்க்காமல், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"சார், வளைவு போதுமா?"

கிட்டு சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கி, காற்றில் மெதுவாக வளைத்துக் காட்டினார்.

"இன்னும் கொஞ்சம் உள்ள வரணும்."