அவளெல்லாம் ஒரு போட்டியா?

"கூடப் பிறந்த அண்ணன் மேலேயே கேஸ் போட்டிருக்கியே, உனக்கு வெட்கமா இல்ல?"

நீதிமன்ற வராந்தாவிலேயே அத்தை அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் மேல இல்ல அத்தை. அண்ணன் கம்பெனிக்கு அரசாங்கம் கொடுத்த மானியத்து மேல."

"எல்லாம் ஒண்ணுதான். அவன் வாய்க்குப் போறதைத் தட்டிவிடப் பார்க்கிறே."

"அது என் கம்பெனியில வேலை பார்க்கிற பதினாலு பேர் தட்டுல இருந்துல்ல போகுது? அதைக் கேட்கக் கூடாதா?"

அத்தை முகத்தை வெட்டிக்கொண்டு கோர்ட் கூடத்துக்குள் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். உறவுக்கூட்டம் மொத்தமும் அங்கேதான் இருந்தது.

இருவருக்கும் குடைதான் தொழில். அண்ணனுடையது நானூறு பேர் வேலை செய்யும் தொழிற்சாலை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறி, இரண்டே அறைகளில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு தொடங்கியவள் தங்கை. இப்போது அண்ணன் இன்னொரு தொழிற்சாலை கட்ட அரசாங்கம் மானியம் அனுமதித்திருந்தது. அந்தத் தெம்பில் அவர் விலையைக் குறைத்தால், அடுத்த மழைக்காலத்தில் தங்கையின் குடையை விரிக்க ஆளிருக்காது.

ஆனால், மானியம் சரியா தவறா என்பதல்ல இன்றைய கேள்வி. அதைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டா என்பதுதான். இல்லையென்று நீதிபதி சொல்லிவிட்டால் வழக்கு இன்றோடு முடிந்தது.

அரசு வக்கீல் எழுந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, அடுத்தவனுக்கு மானியம் கிடைச்சதுன்னு வயிறெரியுற எல்லாரும் கோர்ட்டுக்கு வந்துட முடியாது. நேரடியாப் பாதிக்கப்படுற போட்டியாளர்தான் வரலாம். இந்த அம்மா போட்டியாளரே இல்ல. நான் சொல்லல, இவங்க அண்ணனே சொல்லியிருக்கார்."

வணிகப் பத்திரிகை ஒன்றைப் பிரித்து, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்.

"'என் தங்கச்சியா? அவளெல்லாம் எனக்கு ஒரு போட்டியா? பொழுது போகாம குடை தைக்கிறா.'"

கூடம் சிரித்தது. அத்தை கொஞ்சம் சத்தமாகவே சிரித்தாள்.

தங்கைக்கு இது புதிதல்ல. வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில், கண்காட்சியில், உறவினர் வீட்டு விசேஷத்தில் என்று பன்னிரண்டு வருடங்களாக அண்ணன் இதையே சொல்லிவந்தார். கேட்ட ஒவ்வொரு முறையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தையல் இயந்திரம் வாங்கினாள்.

"ஒரே கடையில ரெண்டு பேர் குடையும் விக்குதுங்க ஐயா," என்றார் தங்கைக்காக வாதாடிய பெண் வக்கீல்.

"ஒரே கடையில சோப்பும் சீப்பும்கூடத்தான் விக்குது," என்றார் நீதிபதி. பேனாவின் மூடியைத் திறந்தார்.



எழுதுவதற்கு முன் நீதிபதி நிமிர்ந்தார். "மானியம் வாங்கின கம்பெனி என்ன சொல்லுது? அரசுத் தரப்பு வாதத்தை ஏத்துக்கிறீங்களா?"

அண்ணனின் வக்கீல் மலர்ந்த முகத்தோடு எழுந்து வாயைத் திறப்பதற்குள், அவருடைய கறுப்பு அங்கி பின்னாலிருந்து இழுபட்டது. அண்ணன் எழுந்து நின்றிருந்தார்.

"ஐயா, நான் பேசலாமா?"

"சார், உட்காருங்க," என்று வக்கீல் கிசுகிசுத்தார்.

"நீங்க உட்காருங்க. ஐயா, வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி இவ கம்பெனிக் குடையில பத்து வாங்குவேன். கம்பி வேற, துணி வேற, பிடி வேறன்னு என் மேஜை மேல பிரிச்சுப் போட்டுப் பார்ப்பேன். அதுக்கப்புறம்தான் என் குடைக்கு விலை வைப்பேன். வேற எவன் குடையையும் நான் பிரிச்சதில்ல. இதுக்குப் பேர் போட்டி இல்லேன்னா, வேற என்ன பேர்னு எனக்குத் தெரியலீங்க."

"இப்படிச் சொன்னா வழக்கு நடக்கும். உங்க மானியமே போனாலும் போகும். தெரியுமில்ல?" என்றார் நீதிபதி.

"நடக்கட்டுங்க. நியாயமா வந்த மானியம்னா நிக்கும். நானும் விட்டுட மாட்டேன், கடைசி வரைக்கும் வாதாடுவேன்."

நீதிபதி அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார். "மனு விசாரணைக்கு ஏற்கப்படுகிறது."

அரசு வக்கீல் நனைந்த குடையைப் போல மடங்கி உட்கார்ந்தார்.

வராந்தாவில் அத்தை அண்ணன் மேல் பாய்ந்தாள். "உனக்கென்ன பைத்தியமாடா? சொந்தச் செலவுல இவளுக்குச் சாட்சி சொல்றே!"

"அடுத்த வாய்தாவுல பாரு அத்தை, இவளை ஓட ஓட விரட்டுறேன்."

"பார்க்கலாம், பார்க்கலாம்," என்றாள் தங்கை. சிரிப்பை அடக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. உடனே கோபமும் வந்தது. "ஏன் அண்ணா, பன்னெண்டு வருஷமா போற இடமெல்லாம் என்னை மட்டம் தட்டிட்டு, இன்னைக்கு மட்டும் என்ன திடீர்னு?"

"போன மாசம்தானே நீ சொந்தமா கம்பி மெஷின் போட்டே? இனிமே கம்பிக்கு நீ யாரையும் நம்பி இருக்க வேண்டாம். அதனால உண்மையைச் சொல்லலாம்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு முன்னாடி சொன்னா என்னவாம்?"

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"'உன் தங்கச்சி வளர்றாளே, கம்பி கொடுக்கிறவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திடலாமா?'ன்னு என் பங்குதாரங்க நாலு பேரும் வருஷம் தவறாம கேட்டாங்க. அவளெல்லாம் ஒரு போட்டியான்னு நான் சிரிக்காம இருந்திருந்தா, உன்னை விட்டு வச்சிருப்பாங்களா?"