தெருவெல்லாம் அப்பா எழுத்து

பெயர்ப்பலகை எழுதும் கடையைப் பூட்டிவிட்டு, வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த அப்பாவை நான்தான் திட்டி எழுப்பினேன்.

"போய்க் கடையைத் திறங்கப்பா. பிரஷ்ஷு காஞ்சு கட்டையாயிடும், நீங்களும்தான்."

"பெத்த அப்பன்கிட்ட பேசற பேச்சாடி இது?" என்றாள் அம்மா.

"படிக்க வச்சீங்கல்ல, கேளுங்க."

அப்பா திறந்தார். முதலில் தையல்காரர் வந்தார். பிறகு செருப்புக் கடைக்காரர், சலூன்காரர். அப்பா தினமும் சட்டையெல்லாம் பெயின்ட்டோடு வீடு திரும்பினார்.

"தெருவே நம்ம கடையிலதாம்மா நிக்குது. எல்லாருக்கும் ஒரே மாதிரி பலகை, சுலபமான வேலை."

"நான் சொன்னேன்ல?"

"வாயை மூடுடி, கண்ணு பட்டுடும்" என்றாள் அம்மா.

ஒரு மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். தையல் கடை, செருப்புக் கடை, சலூன் என்று தெரு முழுக்க ஷட்டர்கள் இறங்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் அப்பாவின் அழகான கையெழுத்து: 'கடை வாடகைக்கு விடப்படும்.'

அப்பா இன்னொன்றை எழுதி முடித்திருந்தார்.

"இது யாருக்குப்பா?"

"இனி பலகை எழுதச் சொல்ல இந்தத் தெருவுல யாரும்மா இருக்கா?"

ஈரம் காயாத அந்தப் பலகையை எங்கள் கடை வாசலிலேயே மாட்டினார்.

"தள்ளி நின்னு பாரும்மா, கோணலா இருக்கா?"