சூடு அடங்கட்டும்

போன ஈஸ்டர் அன்று என் கொழுந்தனார் சவரிமுத்து சொன்ன கதை இது. காயலான் கடையில் வாங்கிய டர்போவைப் பழுது பார்த்து, தன் பழைய கார் இன்ஜினோடு அவரே கொல்லையில் வெல்டிங் வைத்துப் பூட்டியிருந்தார். இன்ஜின் விடும் புகையில் சுற்றி, அதற்கே காற்றை ஊதித் தருமாம் டர்போ.

முதல் நாளே கார் மலையுச்சிக்குப் பறந்தது. போய் நின்றதும் இன்ஜின் கொட்டாவி விட்டது. "அப்பாடா, நான் தூங்கப் போறேன்."

"ஐயோ அண்ணே, தூங்கிடாதீங்க!" என்றது டர்போ. "நீங்க நின்னா எனக்கு வர்ற எண்ணெயும் நின்னுடும். நான் இன்னும் சூட்டோட சுத்திக்கிட்டிருக்கேன், கருகிப்போவேன். லாரியில இருந்தப்போ அப்படித்தான் கருகி, காயலான் கடைக்கு வந்தேன்."

"பழைய இரும்புக்கு வாயைப் பாரு! மலை ஏறினது நான்தானே?"

"நீங்கதாண்ணே. நான் சும்மா ஊதினேன், அவ்வளவுதான்."

இன்ஜினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சும்மா ஊதினதுக்கே இவ்வளவு சூடா? சரிடா தம்பி, ஆறிக்கோ" என்று தூக்கத்தை அடக்கிக்கொண்டு, மெல்ல முனகியபடியே ஓடிக்கொண்டிருந்தது. "ஆறிட்டேன், இப்போ தூங்குங்கண்ணே" என்று டர்போ சொன்ன பிறகுதான் கண்ணை மூடியது.

வெளியூரில் இருக்கும் என் பிள்ளைகளா, அந்த டர்போ மாதிரிதான் அம்மாவும்; நீங்கள் பேசி முடித்ததும் போனைச் சட்டென்று வைத்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் இருங்கள், அம்மா உங்களுக்கான செபத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.