இடது கண்

"வாசல் கண்ணு வெளியில இருந்து வர்றவங்களை மட்டுந்தான் பார்க்குமா, உள்ள இருக்கிறவங்களையும் பார்க்குமா?" என்று ஏழு வயதில் ஒரு நாள் துங் கேட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா தியெப் மட்டும் சிரிக்கவில்லை.

தியெப்புக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. ஹோய் ஆன் ஊரின் பழைய வீடுகளில் வாசல் நிலைக்கு மேலே பலாமரத்தில் செதுக்கிய இரண்டு கண்கள் இருக்கும். வீட்டைக் காப்பவை அவைதாம். புத்தாண்டுக்கு அவற்றுக்குப் புதுச் சிவப்புத் துணி கட்டுவது அந்த வீட்டில் மூத்தவளின் வேலை.

ஏணியில் நின்று வலது கண்ணின் பழைய துணியை அவிழ்த்தாள்.

பச்சை மர வாசனை அடித்தது.

கரி பூசிக் கறுப்பாக்கியிருந்தார்கள். ஆனால் செதுக்கிய சுழி தவறியிருந்தது. இருநூறு ஆண்டுகளாக அந்த வாசலில் இரண்டு கண்களின் சுழிகளும் ஒன்றையொன்று நோக்கியே இருந்தன. இப்போது இதுவும் இடது கண் சுழலும் பக்கமே சுழன்றிருந்தது. இடது கண்ணைப் பார்த்து அப்படியே செதுக்கிவிட்டான் எவனோ.

துங்.

புரை எடுத்து அவள் ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்த நாட்களில் வீடு அவன் பொறுப்பில்தான் இருந்தது. தினமும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினான். அதே கையால்தான் இதைக் கழற்றி விற்றிருக்கிறான். அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி.

"என்னக்கா, கண்ணு முறைக்குதா?" கீழே ஏணியைப் பிடித்திருந்த துங்கின் மனைவி மியென் கேட்டாள். "உங்க தம்பி பூச்செடி வாங்கப் போனாரு. அது பூத்துக் காய்ச்சப்புறம்தான் வருவாரு போல."

"வரட்டும்."

தெருவே கேட்கும்படி அவனைக் கேட்டுவிட நாக்கு துடித்தது. இடது துணியையும் அவிழ்த்தாள்.

அவள் கோணலாக அடித்த மரமுளை அப்படியே இருந்தது. இதை அவன் தொடவே இல்லை.

ஜோடியாக இருந்தால்தானே மதிப்பு? ஏன் ஒன்றை மட்டும் விட்டுவைத்தான்?

அந்த முளையை விரலால் தடவினாள்.

பத்தொன்பது வயதில், துங்குக்கு ஏழு வயதாக இருந்தபோது, தான் நேசித்தவனுக்குக் கடல் தாண்டும் படகில் ஓர் இடம் கிடைக்க அசல் இடது கண்ணைக் கழற்றிக் கொடுத்தாள். ஆற்றுக்கு அக்கரைத் தச்சனிடம் வேறொன்று செய்து வாங்கி, தானே மாட்டினாள். அப்பா சாகும்வரை அறியவில்லை. யாருக்குமே தெரியாது என்றுதான் இத்தனை ஆண்டுகள் அதற்கு ஊதுபத்தி ஏற்றிவந்தாள்.

இது அசல் அல்ல என்று துங்குக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

"அக்கா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லடி. தூசி."

இரண்டு கண்களுக்கும் புதுத் துணியைக் கட்டினாள். வலது கண்ணுக்கு மட்டும் இன்னொரு முடிச்சு போட்டாள், வேறு யாராலும் அவிழ்க்க முடியாதபடி.