ஏழு கட்டம் காலி

"உனக்கு எப்படித் தாயி மறுபடி கார்டு போட முடியும்?" என்றார் ஐயாதுரை. தெருவே கேட்கும்படிதான் கேட்டார்.

தெருவும் கேட்டது. வியாழக்கிழமை காலை. மடவார் வளாகத்துப் பின்தெருவில் பெண்கள் கையில் கார்டோடு வாசலில் நின்றிருந்தார்கள். ராஜபாளையத்திலிருந்து லூனாவில் வருகிற ஐயாதுரையிடம் குடம், குக்கர், கட்டில் எல்லாம் தவணைக்குக் கிடைக்கும். சாமான் வாங்கினால் ஒரு மஞ்சள் கார்டு. வாரம் பத்து ரூபாய் கட்டினால் ஒரு கட்டத்தில் கையெழுத்து. கட்டம் காலியாக இருந்தால் அந்த வீட்டுக்கு நாணயம் இல்லை என்று அர்த்தம்.

மெகராஜ் பேகத்தின் பழைய கார்டில் ஏழு கட்டம் காலி.

"சில்வர் குடத்துக்கே ஏழு வாரம் பட்ட நாமம் போட்டவ நீ. இப்பக் கேக்கது தையல் மிஷின். ஆயிரத்து இருநூறு ரூவா. இதுக்கு எம்புட்டு இழுப்ப?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால், குடத்தில் இருந்த தண்ணீரை இதே தெருவில் கவிழ்த்துவிட்டு, வெறும் குடத்தை லூனாவில் கட்டிக்கொண்டு போனவர் அவர். அன்றிலிருந்து மளிகைக் கடையில்கூட அவளால் கடன் சொல்ல முடியவில்லை. ஊருக்கு இந்த மாதிரி சேதி என்றால் ரொம்ப ஞாபகசக்தி.

மெகராஜ் தலை நிமிரவில்லை.

"இந்தத் தடவ ஒரு வாரம் தப்பாது அண்ணாச்சி. உங்க ஊர்ல ஒரு ரெடிமேட் கடையில உள்பாவாடை தைக்கக் கொடுக்காங்க. சொந்த மிஷின் இருந்தா திங்கக்கிழமையே துணி தாரோம்னுட்டாங்க. எங்க வீட்ல அவியளுக்குக் கால் ஒடிஞ்சு, மில்லுக்குப் போயி எட்டு மாசம் ஆச்சு. பிள்ளைகளுக்கு ஒரு நேரம்தான் உலை வைக்கேன்."

பக்கத்து வீட்டுக் கருத்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, அந்த ஏழு வாரமும் இவ..."

மெகராஜ் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "செத்த நேரம் சும்மா இரு, அக்கா."

ஐயாதுரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"சரி, நான் என்ன கல்லா? பழைய பாக்கி எழுபது ரூவாயக் கட்டிரு. மிஷினுக்கு முன்பணம் இருநூறு. பொறவு ஒரு தாள்ல, ஏழு வாரமும் நான் பணம் கொடுக்கலன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடு."

"குடத்தத்தான் எடுத்துட்டுப் போயிட்டீகளே அண்ணாச்சி?"

"குடம் வேற, பாக்கி வேற. தப்ப ஒத்துக்கிட்டவங்களுக்குத்தான் ரெண்டாவது கார்டு."

கம்மலை அடகு வைத்த பணம் முந்தானையில் முடிந்திருந்தது. அவிழ்த்துக் கொடுத்தாள். மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தான் ஆறாம் வகுப்போடு விட்ட எழுத்தில் எழுதினாள். "தவறு என்னுடையது என்றும் ஒரு வரி சேத்துக்கோ" என்றார் ஐயாதுரை. அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவமானத்தில் எழுத்து கோணியது.

அவர் பணத்தைத் தோள்பையில் போட்டார். தாளை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். புதுக் கார்டு கைக்கு வந்தது.

"சாயங்காலம் மிஷின் வந்துரும். இனியாவது நாணயமா இரு தாயி."

லூனா தெருமுனை திரும்பியதும் கருத்தம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? வசூலுக்கு வந்த அவரு மகன் சந்தனத்துட்டதான ஏழு வாரமும் கொடுத்த? நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். அப்பா கார்டப் பாக்கணுமாம்னு வாங்கிட்டுப் போயி, கடைசியில வெறுங்கட்டமாத் திருப்பிக் கொடுத்தானே அந்தப் பய. அதச் சொல்லாம, கட்டின காச மறுபடி கட்டி, எழுதியும் கொடுத்திருக்க."

"சொன்னா மிஷின் வருமாக்கா? மகனத் திருடன்னு சொல்லுத வீட்டுக்கு எந்தத் தகப்பன் கார்டு போடுவாரு?"

மெகராஜ் புதுக் கார்டை முந்தானையால் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"அந்த மனுசனும் பாவம்தான். பிள்ள தின்னது அவருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்."

மத்தியானம் ராஜபாளையத்தில், ஐயாதுரை வீட்டில் இலை போட்டிருந்தது. அவர் உட்காரவில்லை. நேராகப் பீரோவைத் திறந்து, மெகராஜின் தாளை அங்கே இருந்த பதினோரு தாள்களோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார்.

"நம்ம பய தின்ன காசுன்னு தெரிஞ்சுமா எழுதிக் கொடுத்தா?" என்றாள் மனைவி இசக்கியம்மாள்.

"மிஷின் வேணும்லா."

கை கழுவிவிட்டு வந்து இலையில் உட்கார்ந்தார்.

"நாளைக்குத் தேவதானத்துல இருந்து பொண்ணு வீட்டுக்காரங்க வாராங்க. வசூல் காசுல கை வச்ச பையனாமேன்னு ஆரம்பிச்சாங்கன்னா, நீ ஒண்ணும் பேசாத. இதக் கொண்டு வந்து நீட்டு. சந்தனம் மாதிரி நாணயமான பய கிடையாதுன்னு பன்னெண்டு பேரு கையெழுத்துப் போட்டிருக்காளுக."