அழுத்தாத பொத்தான்

ஆபீஸ் ஜன்னல் திரையின் இடுக்கு வழியே காலை வெயில் கோடுகோடாக அவளுடைய கீபோர்டின் மேல் விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் தேநீர் ஆறி ஏடு கட்டியிருக்கிறது. காதில் போன், மறுமுனையில் வேறு ஊரில் தனியாக இருக்கும் அப்பா. அவருக்காக அவள் எழுதிய சின்ன ஆப்பின் புரோகிராம் கணினியில் திறந்திருக்கிறது. மாத்திரை போட்டதும் அவர் வீட்டு டேப்லெட்டில் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால், இஃப் பக்கம்: ஆப் சும்மா இருக்கும். அழுத்தாவிட்டால், எல்ஸ் பக்கம்: அவளுக்கு மணியடிக்கும், அவள் அவரைக் கூப்பிடுவாள். தினமும் மணியடிக்கிறது. பிறர் எழுதிய புரோகிராமில் புள்ளி பிசகினாலும் பிடித்துவிடுகிறவளுக்கு இதில் கோளாறே அகப்படவில்லை. “மாத்திரை போட்டீங்களாப்பா?” “அப்பவே போட்டாச்சும்மா.” “பின்ன ஏன் பொத்தானை அழுத்தல? மறந்துட்டீங்களா?” டம்ளரில் ஸ்பூன் சுற்றிக்கொண்டிருந்த சத்தம் நிற்கிறது. “மறக்கல. அழுத்தினா நீ கூப்பிட மாட்டியே.” அவள் விரல்மேல் ஒரு வெயில் கோடு அசையாமல் கிடக்கிறது. பிறகு அவள் எல்ஸ் பக்கத்து வரியை நகலெடுத்து, இஃப் பக்கத்திலும் ஒட்டிச் சேமிக்கிறாள். பக்கத்து மேஜைக்காரன் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். “ரெண்டு பக்கமும் ஒரே வரியா? அப்புறம் இஃப் எதுக்கு, தண்டமா?” “இருந்துட்டுப் போகட்டும்,” என்கிறாள் அவள். போனில், “இப்ப அழுத்துங்கப்பா.” அப்பா தயங்குகிறார். செருப்பைத் தேய்த்தபடி நடக்கிறார், நிற்கிறார், பெருமூச்சு விடுகிறார்; எல்லாம் போனில் கேட்கிறது. மனசே இல்லாமல்தான் அழுத்துகிறார். அவள் மேஜையில் மணியடிக்கிறது.