இடது ஓரம்

புகைப்படத்துக்காகத் துணை மேயர் வலது காலைத் தூக்கிச் சலவைக்கல் படியின் மேல் வைத்ததும், இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் கத்தின.

"கால எடுய்யா!"

ஒன்று, அவர் பக்கத்திலேயே நின்ற வெர்லீன் ப்ரூயிட்டின் குரல். விழாவின் சிறப்பு விருந்தினரே அவள்தான். இன்னொன்று கடைசி வரிசையிலிருந்து வந்தது.

அன்று சனிக்கிழமை. மில்பர்ன் தெருவில் சனிக்கிழமை காலை தேய்த்துக் கழுவிய வாசல்படியைப் பாதிரியார்கூட மிதிக்காமல் தாண்டித்தான் போவார்.

துணை மேயர் காலை எடுத்துக்கொண்டு சிரித்தார். காலையிலிருந்தே அவருக்கு நேரம் சரியில்லை. மில்பர்ன் தெருவை இடித்துவிட்டுப் போட்ட பெருஞ்சாலை வழியாகவே விழாவுக்கு வருவது, வரும் வழியில் உரையை ஒருமுறை படித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. இரண்டாம் பத்தி முடிவதற்குள் சாலை முடிந்துவிட்டது. திரும்பப் போய் மறுபடி வந்தார்கள். மறுபடியும் முடிந்துவிட்டது.

அமெரிக்காவின் இந்தக் கடலையும் அந்தக் கடலையும் சேர்க்கப் புறப்பட்ட சாலை. ஒன்றேகால் மைல் போட்டபின் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதற்குள் தொள்ளாயிரம் வீடுகளை இடித்து முடித்திருந்தார்கள். அதில் மட்டும் தாமதம் ஏதுமில்லை.

இப்போது நகரம் வருந்துகிறது. வருத்தத்துக்கென்று சாலை முடியும் பள்ளத்தில் ஒரு புல்தரை, ஐம்பது நாற்காலிகள், நீலத் துணி மூடிய பித்தளைப் பலகை. பலகையில் இருப்பது வெர்லீனுக்கு மனப்பாடம்: 'மில்பர்ன் தெருவை விட்டுக் கடைசியாக வெளியேறிய ப்ரூயிட் குடும்பத்தின் வாசல்படி.'

அந்தத் தெருவில் வீட்டை நகராட்சிக்குக் கொடுக்க முதலில் கையெழுத்துப் போட்டவர் வெர்லீனின் அப்பா.

அவர் காலி செய்த வீட்டின் ஜன்னலுக்குப் பலகை அடித்ததும் எலி வந்தது. எலி வந்ததும் பக்கத்து வீடு காலியானது. ஆறு மாதத்தில் தெருவே காலி. கடைசிவரை நின்றவர்கள் டோர்ஸி குடும்பம்.

"நீங்கதானே கடைசிவரைக்கும் இருந்தீங்க?" என்று கேட்ட நகராட்சிப் பெண், பதிலுக்குக் காத்திராமல் எழுதிக்கொண்டாள். வெர்லீன் மறுக்கவில்லை. உண்மை தெரிந்த ஆள் யாரும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தாள்.

கடைசி வரிசையிலிருந்து செஃபஸ் டோர்ஸி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"என்ன ப்ரூயிட் பொண்ணே, தொண்டை மட்டும் அப்படியே வெச்சிருக்க?"

"செஃபஸ் அண்ணே! நீங்க ஒஹாயோல செத்துட்டதா சொன்னாங்களே."

"ஒஹாயோல இருக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இரண்டு மரக்கட்டைகள் மேல் கிடந்த கல்லைப் பார்த்தார். பால் போல் வெளுத்து, மட்டமாக இருந்தது.

"நல்லாத் தேச்சிருக்க. எங்க வீட்டுப் படி இப்படியா இருந்துது? நாங்க எட்டுப் பேர். தாண்டறதுக்குக் கால் எட்டாது. நடுவுல மிதிச்சா அம்மா துடைப்பத்தாலயே போடுவா. இடது ஓரமா ஏறி ஏறி, அங்க கிண்ணம் மாதிரிக் குழிஞ்சே போச்சு. மழை பேஞ்சா குருவி வந்து குளிக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்லீன் சிரிக்கவில்லை.

கொத்தனார் சாந்தைக் குழைத்துவிட்டு நிமிர்ந்தார். "வெச்சுடலாமாம்மா? இறுகிட்டா அப்புறம் அசைக்க முடியாது."

துணி இன்னும் விலகவில்லை. பலகையைச் செஃபஸ் இன்னும் படிக்கவில்லை. ஒரு நிமிடம் இருந்தது. வாயைத் திறந்தால் அப்பாவின் பெயர் போகும். திறக்காவிட்டால் இந்தக் கிழவரின் வீடு இரண்டாம் தடவையும் போகும்.

"திருப்பி வைங்க," என்றாள்.

"என்னது?"

"அடிப்பக்கம் மேல வரட்டும்."

நான்கு பேர் சேர்ந்து கல்லைப் புரட்டினார்கள்.

இடது ஓரத்தில், கிண்ணம் போல ஒரு குழி. உள்ளே ஐம்பது வருட மண்.

ப்ரூயிட் வீட்டுப் படி முதல் இடிப்பிலேயே தூளாகியிருந்தது. படியை நினைத்து அழுதுகொண்டிருந்த அம்மாவுக்காக, இடிபாட்டின் மேல் முழுசாகக் கிடந்த ஒரே படிக்கல்லைப் புது வீட்டு வாசலுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தவள் வெர்லீன். குழி கீழே போகும்படிக் கவிழ்த்துப் போட்டவளும் அவளே. அம்மா அதைச் சாகும்வரை தேய்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

செஃபஸ் குனிந்து, குழிக்குள் விரலை விட்டு மண்ணைச் சுரண்டினார்.

இப்படி ஒரு தருணத்துக்காகவே காத்திருந்த துணை மேயர் நீலத் துணியை இழுத்தார். "பாருங்கள்! ப்ரூயிட் குடும்பத்தாரின் பாதங்கள் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்த பள்ளம்!"

கைதட்டல் எழுந்தது.

வெர்லீன் மைக்குக்குக் கை நீட்டினாள். அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டதென்று ஒயரை உருவிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

செஃபஸ் பலகையை முழுதாகப் படித்தார். பிறகு, "இன்னைக்குத் தேச்சாச்சா?" என்றார்.

"காலைல தேச்சேன். அந்தப் பக்கம்."

"அப்ப மிதிக்கக் கூடாது."

மேலே தெருவுக்கு ஏற அகலமான மரப்படிகள் போட்டிருந்தார்கள். நடுவில் சிவப்புக் கம்பளம். படிகளில் ஆட்கள் யாரும் இல்லை.

செஃபஸ் டோர்ஸி கைத்தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, இடது ஓரமாகவே ஏறிப் போனார்.